முகவரிச் சான்று இல்லாத நாலரை மாதம்: ஸ்கார்பரோவில் ஒரு குடும்பம் குடியமர்ந்த விதம்

திருச்சியிலிருந்து கனடாவில் டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதிக்கு நிரந்தர வதிவிட உரிமையோடு வந்த நால்வர் குடும்பம் ஒன்றின் முதல் பதினோரு மாதங்கள் இங்கே பதிவாகின்றன. கணவருக்கு 38 வயது, மனைவிக்கு 34. பிள்ளைகள் 2015இலும் 2020இலும் பிறந்தவர்கள். குடும்பத்தின் பெயரும், சம்பந்தப்பட்ட வீட்டுக்காரர், முதலாளி, பள்ளி ஆகியோரின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. பெரிய மோசடியோ விபத்தோ எதுவும் இதில் இல்லை. வந்த மறுநாள் எடுத்த ஒரு சாதாரண முடிவு, மருத்துவ அட்டை முதல் குழந்தை உதவித்தொகை வரை எல்லாவற்றையும் எப்படி முடிச்சுப் போட்டது என்பதுதான் விஷயம்.

பின்னணி

கணவர் ஒரு பொறியியல் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவர். திறன் பெற்ற பணியாளர்களுக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடியேற்ற முறை வழியாக 2023இல் விண்ணப்பித்தார்கள். நால்வருக்குக் கையிருப்பாகக் காட்ட வேண்டிய தொகை அப்போது 25,564 கனடிய டாலர். வரும்போது சுமார் 28,000 டாலர் கொண்டுவந்தார்கள். அதில் பெரும்பகுதி வங்கி வழியாக அனுப்பிய பணம். கையில் கொண்டுவரும் ரொக்கமும் காசோலையும் சேர்ந்து 10,000 டாலரோ அதற்கு மேலோ இருந்தால்தான் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். இவர்களிடம் ரொக்கம் 4,000 டாலர்தான் இருந்தது. இந்தியாவில் அப்போது ஒரு நிதியாண்டில் ஒருவர் ஏழு லட்ச ரூபாய்க்கு மேல் இப்படி அனுப்பினால், மிகுதிக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்வரி பிடிப்பார்கள். இருவர் கணக்கிலிருந்தும் பாதிப் பாதியாக அனுப்பியதால் பிடித்தம் குறைந்தது. பணக் கணக்கில் இவ்வளவு கவனமாக இருந்தவர்கள் தங்குமிடத்தை மட்டும் ஊர்க்காரர் ஒருவரின் வாய்வார்த்தைக்கு விட்டுவிட்டார்கள்.

பெயர் விவகாரத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பிறகு வேலை வைக்கிறது. நம் வழக்கப்படி கணவரின் குடும்பப் பெயர் அவருடைய அப்பாவின் பெயர்; பிள்ளைகளின் குடும்பப் பெயர் கணவரின் பெயர். மனைவியின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலி. அப்படியிருந்தால் கனடாவின் குடிவரவுத் துறை இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, முதற்பெயர் கட்டத்தை வெறுமையாக விடும். நிரந்தர வதிவிட உரிமை கிடைத்ததைக் காட்டும் வதிவிட உறுதிப் பத்திரமும் அப்படியே வந்தது.

முதல் ஆறு வாரம்

2024 ஆகஸ்ட் 14 அன்று பியர்சன் விமான நிலையத்தில் இறங்கினார்கள். நிரந்தர வதிவிட அட்டை எந்த முகவரிக்கு வர வேண்டும் என்று அதிகாரி கேட்டபோது, ஏற்கெனவே பேசி வைத்திருந்த பேஸ்மென்ட் முகவரியைக் கொடுத்தார்கள்.

மறுநாளே அங்கே குடிபோனார்கள். மாத வாடகை 1,400 டாலர். முதல் மாதம், கடைசி மாதம், 'டேமேஜுக்கு' 500 என்று மொத்தம் 3,300 டாலர் ரொக்கமாகக் கைமாறியது. ஒப்பந்தமும் இல்லை, ரசீதும் இல்லை. கேட்டதற்கு, "நமக்குள்ள எதுக்கு தம்பி பேப்பரெல்லாம்" என்று வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அறைகளும் குளியலறையும் கீழே. சமையலறை மேலே, வீட்டுக்காரர் குடும்பத்தோடு பொது. வாசலில் ஒரே தபால் பெட்டி.

ஆகஸ்ட் 16 அன்று மத்திய அரசின் சர்வீஸ் கனடா அலுவலகத்தில், வேலைக்கும் வரிக்கும் வேண்டிய சின் எண் நால்வருக்கும் கிடைத்தது. கடவுச்சீட்டும் வதிவிட உறுதிப் பத்திரமும் போதும், கட்டணம் இல்லை, அன்றே கையில் தருவார்கள். ஆகஸ்ட் 19 அன்று வங்கிக் கணக்கு. வங்கி ஊழியர் மனைவியின் ஒற்றைப் பெயரை முதற்பெயராகவும் கணவரின் பெயரைக் குடும்பப் பெயராகவும் பதிந்தார். பார்க்க அழகாக இருந்ததால் இவர்களும் மறுக்கவில்லை. மாத அறிக்கை மின்னஞ்சலில் வரும்படி அமைந்தது. இந்த இரண்டும் சிறு விஷயங்களாகத்தான் தெரிந்தன.

ஆகஸ்ட் 26 அன்று பள்ளிச் சேர்க்கைக்குப் போனபோது முதல் தடை. குழந்தையின் பிறப்புச் சான்று, வதிவிட ஆவணம், தடுப்பூசிப் பதிவு எல்லாம் இருந்தன; முகவரிக்கு ஆதாரம் இல்லை. இரண்டு நாள் கழித்து, ஒண்டாரியோ மாகாண அரசின் சேவை அலுவலகமான சர்வீஸ் ஒண்டாரியோவில் ஓஹிப் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குப் போனார்கள். அங்கே மூன்று விஷயத்துக்கு மூன்று தனித்தனி அசல் ஆவணம் வேண்டும்: குடிவரவு நிலை, ஒண்டாரியோவில் வசிக்கிறார் என்பது, ஆள் அடையாளம். வங்கி இணையதளத்திலிருந்து அச்செடுத்துப் போன கணக்கு அறிக்கையை ஏற்கவில்லை. வங்கியே தபாலில் அனுப்பிய அறிக்கை என்றால் பட்டியலில் உண்டு.

வீட்டுக்காரரிடம் கடிதம் கேட்டார்கள். வாடகை வருமானத்தை எங்கும் காட்டாததால் அவர் தயங்கினார். கடைசியில், 'பள்ளிக்கு மட்டும்' என்று சொல்லி ஒரு கடிதம் கொடுத்தார். செப்டம்பர் 3 அன்று தொடங்கிய பள்ளிக்குப் பிள்ளைகள் போனது செப்டம்பர் 23 அன்று. 14 பள்ளி நாட்கள் போயின. பெரியவன் நான்காம் வகுப்பிலும் சின்னவள் ஜூனியர் கிண்டர்கார்ட்டனிலும் சேர்ந்தார்கள். ஊரில் எந்த வகுப்பு முடித்தார்கள் என்பதை வைத்து இங்கே இடம் தருவதில்லை. பிறந்த ஆண்டுதான் கணக்கு.

செப்டம்பர் 10 அன்று குழந்தை உதவித்தொகைக்கு ஆர்சி66 படிவத்தை நிரப்பித் தபாலில் போட்டார்கள். புதிதாக வந்தவர்கள் அதோடு சேர்த்து அனுப்ப வேண்டிய ஆர்சி66எஸ்சிஎச் இணைப்பைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது.

செப்டம்பர் கடைசி வாரம் சின்னவளுக்குக் காய்ச்சலும் காது வலியும். மருத்துவ அட்டை இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆயிரக்கணக்கில் பில் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் வீட்டிலேயே பாராசிட்டமால் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு வாக்-இன் மருத்துவகத்தில் 85 டாலர் கட்டிக் காட்டினார்கள். மருந்துக்கு 32 டாலர். காதில் தொற்று. சமூக சுகாதார மையங்களில் ஓஹிப் இல்லாதவர்களையும் பார்ப்பார்கள் என்பதோ, 811க்கு எந்த நேரத்திலும் அழைத்துச் செவிலியரிடம் கேட்கலாம் என்பதோ அந்த இரண்டு நாளில் அவர்களுக்குத் தெரியவில்லை. ஓஹிப் அட்டை கையில் இருந்திருந்தால், தனியார் காப்பீடு இல்லாத 24 வயது வரையுள்ளோருக்கான திட்டத்தில், பட்டியலிலுள்ள மருந்துகளுக்குக் காசே இல்லை.

வேலை

செப்டம்பர் 30 முதல் கணவருக்கு ஒரு தற்காலிக ஆள்சேர்ப்பு நிறுவனம் மூலம் கிடங்கு வேலை, மணிக்கு 18 டாலர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளச் சீட்டு. அதில் அவர் பெயர், முகவரி எல்லாம் அச்சாகி வந்தன. அதைத் திறந்து தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

மனைவி அக்டோபர் 15 முதல் ஒரு சமையல் கூடத்தில் பொதி கட்டும் வேலைக்குப் போனார். வாரம் 30 மணி நேரம், மணிக்கு 13 டாலர், கேஷுக்கு. ஒண்டாரியோவின் குறைந்தபட்ச ஊதியம் அந்த மாதம் முதல் தேதியில்தான் 17.20 டாலர் ஆகியிருந்தது. ஏழு வாரம் வேலை செய்தார். கடைசி இரண்டு வாரத்துக்குப் பணம் வரவில்லை. "அடுத்த வாரம் பாக்கலாம்மா" என்ற பதில் மூன்று முறை வந்தபின் நின்றுவிட்டார். கேஷ் வேலையில் போவது மணிக்கு நாலு டாலர் மட்டும் அல்ல. சம்பளச் சீட்டு இல்லை, ஆண்டு முடிவில் சம்பளமும் வரிப்பிடித்தமும் காட்டும் டி4 சான்று இல்லை, வேலையிழப்புக் காப்பீட்டுக்கு மணிக்கணக்கு சேர்வதில்லை. அடுத்த வேலைக்குக் காட்ட ஒரு வரி அனுபவமும் இல்லை.

ஒரு நல்ல பழக்கம் பின்னால் கைகொடுத்தது. ஊரில் பால் கணக்கு எழுதுவதுபோல், வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் போன நேரம், வந்த நேரம், வாங்கிய பணம் மூன்றையும் ஒரு சிறு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

டிசம்பர் 4: தெரிய வந்தவை

டிசம்பர் 1 அன்று வீட்டுக்காரர், உறவினர் வருவதால் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார். மூன்று நாள் கழித்துக் குடும்பம் ஒரு குடியமர்வு உதவி மையத்துக்கு வந்தது. நிரந்தர வதிவாளர்களுக்கு இத்தகைய மையங்களின் சேவை இலவசம். 211க்கு அழைத்தால் அருகிலுள்ளதைச் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலோர் வருவது இப்படி ஒரு நெருக்கடி வந்த பிறகுதான்.

வீடு காலி செய்யும் பிரச்சினைக்காகத்தான் வந்தார்கள். ஆவணங்களை மேசையில் விரித்துப் பார்த்தபோது ஐந்து விஷயங்கள் நிலுவையில் இருப்பது தெரிந்தது. நால்வருக்கும் ஓஹிப் இல்லை. வதிவிட அட்டை வரவில்லை. அது அக்டோபரில் வந்திருக்கலாம், தெரியாத பெயரில் வந்த உறைகளைத் திருப்பிவிட்டதாக வீட்டுக்காரர் வீட்டில் சொன்னார்கள். குழந்தை உதவித்தொகைக்குப் பதிலே இல்லை. வந்திருந்தால் அதுவும் அதே வழியில் போயிருக்கும். மனைவியின் கூலி பாக்கி. கடைசியாக, மனைவியின் பெயர் வங்கியில் ஒரு மாதிரியும் சின் பதிவில் வேறு மாதிரியும் இருந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது ஒன்றே: அந்த வீட்டில் இவர்கள் வசிக்கிறார்கள் என்பதற்கு, பள்ளிக்குக் கொடுத்த கடிதத்தைத் தவிர, வீட்டுக்காரரிடமிருந்து எழுத்தில் எதுவும் இல்லை. ஆனால் கணவரின் பையில் நான்கு சம்பளச் சீட்டுகள் இருந்தன. ஓஹிப் பட்டியலில் சம்பளச் சீட்டும் வசிப்பிடச் சான்றுதான். முதல் சீட்டு கைக்கு வந்த அக்டோபர் நடுவிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வீட்டைப் பற்றி முதலில். வெளியேறச் சொன்னதை எதிர்த்து வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா என்று கணவர் கேட்டார். 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம் வாடகைதாரருக்கு நல்ல பாதுகாப்புத் தருகிறது. வாய்மொழி ஒப்பந்தத்துக்கும் அது பொருந்தும். கடைசி மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. 'டேமேஜ்' என்று தனியாக வாங்கவே கூடாது. சொந்த உபயோகத்துக்கு என்றாலும் அப்போது 60 நாள் எழுத்து அறிவிப்பும் ஒரு மாத வாடகை இழப்பீடும் தர வேண்டியிருந்தது. ஆனால் உரிமையாளரோடு, அல்லது அவருடைய துணை, பிள்ளை, பெற்றோரோடு, சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டியிருந்தால் அந்தச் சட்டம் பொருந்தாது. மேல்மாடிச் சமையலறை ஒன்று இத்தனை உரிமையையும் இல்லாமல் ஆக்கிவிட்டது. மிச்சம் இருந்தது சிறு உரிமை வழக்கு மன்றம் மட்டும்.

எனவே சண்டை வேண்டாம் என்று முடிவானது. கடைசி மாதத்துக்குக் கொடுத்த 1,400 டாலரை டிசம்பர் வாடகையாகக் கழிப்பது, 500 டாலரைத் திருப்பிக் கேட்பது: இரண்டையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்கச் சொல்லப்பட்டது. பேச்சில் கேட்டால் பதிவு நிற்காது. "சரி தம்பி" என்று வந்த பதில்தான் அந்த வீட்டில் இவர்கள் இருந்ததற்கு வீட்டுக்காரரிடமிருந்து கிடைத்த இரண்டாவது எழுத்து ஆதாரம்.

ஓஹிப்புக்குக் கணவர் சம்பளச் சீட்டோடு மறுநாளே போனார். மனைவியின் பெயரில் எந்தத் தாளும் இல்லை. வங்கி அறிக்கையைத் தபாலுக்கு மாற்றினால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். தபால் பெட்டியும் நம்ப முடியாதது. அதனால் வேறு வழி: ஓட்டுநர் உரிமத்தின் முதல் படியான ஜி1. அதற்குக் கேட்பது பெயர், பிறந்த தேதி, கையெழுத்து மூன்றையும் காட்டும் அசல் அடையாள ஆவணம். தேர்வில் 40 கேள்வி. சாலைக் குறிகள் 20, விதிகள் 20. ஒவ்வொன்றிலும் 16 சரியாக வேண்டும். தமிழிலும் எழுதலாம். கட்டணம் 159.75 டாலர், அடுத்த படியான ஜி2 சாலைத் தேர்வும் அதில் அடக்கம். தேறிய அன்றே தரும் தற்காலிக உரிமத் தாளை ஓஹிப்பில் வசிப்பிடச் சான்றாக ஏற்பார்கள். வண்டி ஓட்டும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் முதல் மாதத்திலேயே ஜி1 எழுதச் சொல்வது இதனால்தான். மனைவி டிசம்பர் 12 அன்று தேறினார்.

கணவருக்கு ஊரில் பத்து ஆண்டு ஓட்டிய அனுபவம் இருந்தது. இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவத்தை அதிகாரபூர்வமான கடிதத்தால் காட்டினால், எழுத்துத் தேர்வுக்குப் பின் காத்திருப்புக் காலம் இல்லாமல் நேரே முழு உரிமத்துக்கான ஜி சாலைத் தேர்வுக்குப் போகலாம். ஆர்டிஓ அலுவலகத்தில் உரிமத்தின் விவரச் சான்றை வாங்காமல் வந்துவிட்டதால் அதற்குத் தனியாக அலைந்தார். இங்கே அதை விரிக்கவில்லை.

வதிவிட அட்டை விஷயத்தில் நாள் கணக்கு முக்கியம். வந்து 180 நாளுக்குள் சரியான முகவரி தராவிட்டால் புதிதாக விண்ணப்பித்து 50 டாலர் கட்ட வேண்டும். இவர்களுக்கு அந்த நாள் 2025 பிப்ரவரி 10. புதிய வீடு முடிவாகாத நிலையில், நம்பிக்கையான நண்பர் குடும்பத்தின் முகவரியை டிசம்பர் 5 அன்றே இணையப் படிவத்தில் கொடுத்தார்கள். அட்டை வந்து திருப்பி அனுப்பப்பட்டிருக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். குழந்தை உதவித்தொகைக்கு மட்டும் நண்பர் முகவரி கூடாது என்று தடுக்கப்பட்டது. அந்தத் தொகையைத் தரும் கனடா வருவாய் முகமை பின்னால் வசிப்பிடச் சான்று கேட்கும். விண்ணப்பத்தில் ஓரிடமும் சான்றில் ஓரிடமும் இருந்தால் விசாரணை நீளும். வீடு மாறிய பிறகே அனுப்புவது என்று முடிவு செய்ததில் சுமார் ஒரு மாதம் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தது. அது சரியான காத்திருப்பு.

கூலி பாக்கிக்கு மனைவி முதலில் ஒப்பவில்லை. கேஷுக்கு வேலை பார்த்ததைச் சொன்னால் பிஆர், அதாவது நிரந்தர வதிவிட உரிமை, போய்விடும் என்று பயம். நிரந்தர வதிவாளருக்கு வேலை செய்யும் உரிமை முழுமையாக உண்டு; ரொக்கமாக வாங்கிய பணத்தையும் வரிக் கணக்கில் காட்டினால் போதும். குறைந்த கூலி கொடுத்த தவறு கொடுத்தவருடையது. இதை இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது. தொழில் அமைச்சிடம் முறையிட இரண்டு ஆண்டு அவகாசம், கட்டணம் இல்லை. நோட்டை வைத்துப் போட்ட கணக்கு இது: 210 மணி நேரத்துக்கு 17.20 வீதம் 3,612 டாலர், வாங்கியது 150 மணி நேரத்துக்கு 13 வீதம் 1,950, மீதி 1,662. அதோடு விடுமுறை ஊதியம் 4 சதவீதம், 144.48. மொத்தம் 1,806.48 டாலர்.

பெயர்ப் பிரச்சினைக்கு ஒரே விதி வைக்கப்பட்டது: வதிவிட உறுதிப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து இருக்கிறதோ, எல்லா இடத்திலும் அதே கட்டத்தில் அதே எழுத்து. வங்கிப் பதிவு டிசம்பரிலேயே திருத்தப்பட்டது. திருத்தாமல் விட்டிருந்தால் வருவாய் முகமையின் பதிவுக்கும் வங்கிக் கணக்குக்கும் பெயர் பொருந்தாமல், உதவித்தொகையை நேரடியாக வங்கியில் போடும் ஏற்பாடு சிக்கியிருக்கும்.

புது வீடு

கணவரிடம் கனடியக் கடன் வரலாறு இல்லை; வேலையும் தற்காலிகம். முதலில் பார்த்த அடுக்குமாடி வீட்டின் முகவர் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்டார். இது சட்டப்படி கேட்கக் கூடியது அல்ல. வீடு கிடைக்காத அவசரத்தில் பல குடும்பங்கள் கொடுத்துவிடுகின்றன; ஆறு மாதத்துக்குள் பிரச்சினை வந்தால் பணம் அவர் கையில், வழக்கு நம் கையில். அந்த வீட்டை விட்டுவிட்டார்கள்.

மூன்றாவதாகப் பார்த்தது தனி வாசலும் தனிச் சமையலறையும் கொண்ட பேஸ்மென்ட், 1,850 டாலர். விண்ணப்பத்தோடு நான்கு தாள் கொடுத்தார்கள்: கையிருப்பைக் காட்டும் வங்கிக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் பணிக் கடிதம், ஊரில் சொந்த வீட்டுக் கடனைத் தவறாமல் கட்டி முடித்ததற்கான வங்கிச் சான்று. கடைசித் தாளுக்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் அதைத்தான் இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

ஒண்டாரியோவின் நிலையான குத்தகைப் படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டார்கள், மனைவியின் பெயரையும் சேர்த்து. அவர் பெயர் விடுபட்டால் அவருக்கு மறுபடியும் சான்று இல்லாமல் போகும். இந்தப் படிவத்தை வீட்டுக்காரர் தராவிட்டால் எழுத்தில் கேட்கலாம். 21 நாளில் தரவில்லை என்றால் ஒரு மாத வாடகையை நிறுத்தி வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. வாடகை மின்பரிமாற்றத்தில் போனது. தபால் பெட்டியில் நான்கு பெயரையும் அச்செடுத்து ஒட்டினார்கள். 2025 ஜனவரி 1 அன்று குடிபோனார்கள்.

நடந்தது என்ன

பழைய வீட்டில் டிசம்பர் வாடகை கழிக்கப்பட்டது. 500 டாலரில் 300 வந்தது. மீதிக்கு வழக்கு வேண்டாம் என்று குடும்பம் விட்டுவிட்டது.

ஓஹிப் நால்வருக்கும் டிசம்பர் 20க்குள் பதிவாகிவிட்டது. ஒண்டாரியோவில் புதிதாக வருவோருக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆகஸ்டில் தாள் இருந்திருந்தால் ஆகஸ்டிலேயே முடிந்திருக்கும்.

ஜனவரியில் தடுப்பூசி குறித்துக் கடிதம் வந்தது. ஊரில் போட வேண்டியதெல்லாம் போட்டாயிற்றே என்று பெற்றோர் குழம்பினார்கள். நம் அரசுத் திட்டத்தில் போடுவது தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்குமான எம்ஆர். பொன்னுக்கு வீங்கி அதில் இல்லை. சின்னம்மைத் தடுப்பூசியும் மெனிங்கோகாக்கல் தடுப்பூசியும் அந்தத் திட்டத்தில் கிடையாது. ஒண்டாரியோ பள்ளிகளுக்கு இந்த மூன்றும் வேண்டும். சின்னம்மை 2010இலோ அதற்குப் பின்னோ பிறந்த பிள்ளைகளுக்கு. போட்டபின் மருத்துவர் தானாகத் தெரிவிப்பார் என்று இருக்கக் கூடாது. பொதுச் சுகாதாரப் பிரிவுக்குத் தெரிவிப்பது பெற்றோரின் பொறுப்பு. தவறினால் பள்ளியிலிருந்து இடைநிறுத்தம் வரை போகும். பிப்ரவரியில் போட்டு, அன்றே பதிந்தார்கள்.

வதிவிட அட்டைகள் பிப்ரவரி இறுதியில் நண்பர் வீட்டுக்கு வந்தன.

குழந்தை உதவித்தொகை விண்ணப்பம் ஜனவரி 6 அன்று மீண்டும் போனது. ஆர்சி66, அதோடு ஆர்சி66எஸ்சிஎச். இணைப்பில் வந்த தேதியும், 2022, 2023ஆம் ஆண்டுகளிலும் 2024இல் வருவதற்கு முந்தைய நாட்களிலும் இந்தியாவில் இருவரும் ஈட்டிய வருமானமும் கனடிய டாலரில். ஊர்ச் சம்பளத்தைக் காட்டினால் தொகை குறையும் என்று சிலர் வெறுமையாக விடுகிறார்கள். வெறுமையாக விட்டால் தொகையே கணக்கிட முடியாது. இவர்களின் 2023 வருமானம் சுமார் 18,000 டாலர். முழுத் தொகைக்கான வரம்புக்குக் கீழேதான். மார்ச்சில் வருவாய் முகமை வசிப்பிடச் சான்று கேட்டது. குத்தகைப் படிவம், பள்ளிக் கடிதம், பழைய வீட்டுக் காலத்துக்குச் சம்பளச் சீட்டுகள், வீட்டுக்காரரின் அந்தப் பள்ளிக் கடிதம் நான்கையும் அனுப்பினார்கள். 'பள்ளிக்கு மட்டும்' என்று வாங்கிய கடிதம் இங்கே உதவியது.

மே 20 அன்று பணம் வந்தது. அந்த ஆண்டுக் கணக்கில் ஆறு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு ஆண்டுக்கு 7,787 டாலர், ஆறு முதல் 17 வரை 6,570. இருவருக்கும் சேர்த்து மாதம் 1,196.41. செப்டம்பர் முதல் ஒன்பது மாதத்துக்கு 10,767.69 டாலர் மொத்தமாக. ஒண்டாரியோ மாகாணத் தொகை தனி. பணம் இழக்கப்படவில்லை. ஆனால் மாதம் 1,196 டாலர் என்பது பழைய வாடகையில் பெரும்பகுதி. அது வராத மாதங்களில்தான் மனைவி 13 டாலர் வேலைக்குப் போனார், கையிருப்பில் 9,000 டாலர் கரைந்தது.

கூலி முறையீட்டில் அதிகாரி நோட்டின் நகலைக் கேட்டார். ஏப்ரலில் முதலாளி முழுத் தொகையையும், சட்டப்படியான பிடித்தம் போக, கட்டினார்.

ஏப்ரல் 30க்குள் இருவரும் வரிக் கணக்கு தாக்கல் செய்தார்கள், இலவச தன்னார்வ முகாம் ஒன்றில். மனைவியின் வருமானம் சொற்பம், அவருக்கு எதற்கு என்று கணவர் கேட்டார். ஒருவர் தாக்கல் செய்யாவிட்டாலும் ஜூலை முதல் உதவித்தொகை நின்றுவிடும். பல் சிகிச்சைக்கான மத்திய அரசுத் திட்டத்துக்கும் அந்தக் கணக்குதான் வாசல். 2025 ஜூலைத் தவணை தடையின்றி வந்தது.

மறுபடி செய்வதானால்

முதல் மாதத்துக்கு உறவினர் வீடோ, ரசீது தரும் குறுகிய காலத் தங்குமிடமோ போதும். நீண்ட வாடகையை வந்து பார்த்தபின் பேசலாம். நேரில் பார்க்காத வீட்டுக்கு ஊரிலிருந்தே முன்பணம் அனுப்புவதை இங்கே யாரும் பரிந்துரைப்பதில்லை. சமையலறை யாருடையது என்பதுதான் வாடகையைவிட முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

வங்கிக் கணக்கு திறக்கும் அன்றே தாள் அறிக்கை தபாலில் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். இரண்டாம் வாரத்துக்குள் பெரியவர்கள் இருவரும் ஜி1. இந்த இரண்டும் கையில் இருந்தால் குத்தகைத் தாள் தாமதமானாலும் ஓஹிப் நிற்காது. இணைப்பும் தயாராகும்வரை ஆர்சி66 போகும் உறையை ஒட்டக் கூடாது. அரைகுறையாகப் போன விண்ணப்பம் போகாததைவிட மோசம், ஏனென்றால் பதில் வரும் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும்.

விமானம் ஏறுமுன் செய்ய மறந்தது ஒன்று உண்டு. மனைவியின் நகைகள் திருச்சி வங்கி லாக்கரில் இருக்கின்றன. பின்னால் வரப்போகும் பொருட்களின் பட்டியலை முதல் வருகையிலேயே சுங்கத்தில் கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நகைக்கும் விவரம், எடை, மதிப்பு, முடிந்தால் புகைப்படமும் மதிப்பீட்டுச் சான்றும். பட்டியலில் இருந்தால், ஏற்கெனவே சொந்தமாக வைத்திருந்து அணிந்த நகைக்கு, ஒரு பொருள் 10,000 டாலரைத் தாண்டாதவரை வரி இல்லை. இவர்கள் கொடுக்கவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போய் எடுத்துவரும்போது சுங்கத்தில் அறிவித்து வரி கட்ட வேண்டியிருக்கும்.

மனைவியின் பெயர் இன்னும் முடியவில்லை. சட்டப்படி பெயர் மாற்ற ஒண்டாரியோவில் 12 மாதம் வசித்திருக்க வேண்டும். கட்டணம் 137 டாலர். மாற்றினால் சின், ஓஹிப், உரிமம், வங்கி, கடவுச்சீட்டு ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். குடியுரிமை விண்ணப்பம் வரை ஒற்றைப் பெயரோடே இருந்துவிடுவதாக 2025 ஜூலையில் அவர் சொன்னார். மருத்துவகத்தில் முதற்பெயர் கட்டத்தில் என்ன போடுவது என்று இப்போதும் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். கைப்பையில் வதிவிட உறுதிப் பத்திரத்தின் நகலை மடித்து வைத்திருக்கிறார்.